இங்க்ஜெட் போட்டோவில் கருப்பு வெளுக்காமலிருக்க

கருப்பு சாம்பலாக விழுகிறதா? நாசில் செக் (மைத்துளைகள் அடைபட்டுள்ளனவா என்று காட்டும் சோதனை அச்சு) சரியாக இருந்தால், மையைக் குறை சொல்லுமுன் டிரைவரில் (கணினியிலுள்ள பிரிண்டர் மென்பொருளில்) பேப்பர் வகையைப் பாருங்கள். எவ்வளவு மை இறங்கவேண்டும், எந்தக் கருப்பு என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பளபளப்புத் தாளுக்கு போட்டோ பிளாக், மேட் (பளபளப்பற்ற) தாளுக்கு மேட் பிளாக். மாறினால் மேட்டில் அடர்த்தி வராது. பளபளப்பில் மை ஒட்டாமல் விரலோடு வரும். சரியான கருப்பு இறங்கினாலும் மேட் தாளின் அடர்த்தி (எண் கூடக்கூடக் கருப்பு ஆழமாகும்) 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். நல்ல பளபளப்புத் தாள் 2.2-ஐயும் தாண்டும். ஆழமான இரவுக் காட்சிகளுக்கு மேட் வேண்டாம்.

நிறத்துக்கு, போட்டோஷாப்பே கலரைக் கையாளும்படி வைத்து, உங்கள் பிரிண்டருக்கும் தாளுக்கும் உரிய ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) தேர்ந்தெடுங்கள். பிறகு டிரைவரின் கலர் திருத்தத்தைக் கட்டாயம் அணையுங்கள். இரண்டும் ஓடினால் படம் இருமுறை திருத்தப்படும். முகங்களில் மெஜந்தா ஏறிவிடும். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கோடு (அச்சில் வராத நிறத்தை நெருங்கிய நிறமாக மாற்றும் முறை) பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷனையும் (படத்தின் கருப்பைத் தாளின் கருப்போடு பொருத்தும் வசதி) டிக் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் தலைமுடி, கருப்புக் கோட்டு மடிப்பெல்லாம் ஒரே கரும்பரப்பாக அடைபடும்.

பிரிண்ட் மொத்தமாகவே இருட்டாக வந்தால், பெரும்பாலும் மானிட்டர் வெளிச்சம் அதிகமாக இருப்பதுதான் காரணம். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இறக்குங்கள். டை மையில் (சாய மை) அச்சிட்டதை 24 மணி நேரம் காயவிட்ட பிறகே நிறத்தை மதிப்பிடுங்கள்.