ஒரு வருடம், 600 கிலோமீட்டர்: புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

வருடத்தின் முதல் நாளில் ‘இந்த வருடம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவேன்’ என்று எழுதிவைப்பது சுலபம். ஐந்தாறு மாதம் கழித்து அந்த எண்ணைப் பார்க்கவே மனம் வராமல் போவதும் அதே அளவு சுலபம். இரண்டும் எனக்கு நடந்திருக்கின்றன. வருட இலக்கை வாரக் கணக்காக மாற்றிக்கொண்டதும், விட்டுப்போன வாரங்களை எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்துகொண்டதும்தான் எனக்கு உதவின. அந்த முறையை முதலிலிருந்து சொல்கிறேன்.

இதய நோய், நீரிழிவு, மூட்டுப் பிரச்சினை இருப்பவர்கள், பல வருடங்களாக உடற்பயிற்சியே செய்யாதவர்கள் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 1: எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

ஆயிரத்தை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 2.74 கி.மீ. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாக ஓடுபவர் தினமும் ஓடக் கூடாது. வாரத்துக்கு மூன்று நாள்தான் சரி. அப்படிப் பார்த்தால் வாரத்துக்கு 19.2 கி.மீ., ஒவ்வொரு ஓட்டமும் 6.4 கி.மீ. அதுவும் 52 வாரத்தில் ஒன்றைக்கூட விடாமல். முதல் மாதத்தில் யாராலும் அது முடியாது, முயலவும் வேண்டாம்.

அதனால் 52 வாரத்தை மறந்துவிட்டு 45 வாரத்துக்குக் கணக்குப் போடுங்கள். மீதி ஏழு வாரம் காய்ச்சல், பயணம், பரீட்சை, வேலை நெருக்கடி என்று எப்படியும் போய்விடும். 400 கி.மீ. இலக்கு என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 9 கி.மீ.; 600 என்றால் 13.3 கி.மீ. முதல் வருடத்துக்கு இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. கீழே வரும் உதாரணம் 600-க்கு.

இன்னொன்றையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள்: நடந்த தூரம் கணக்கில் சேருமா? ஓட்டத்துக்கு நடுவே நடப்பதைச் சேர்க்கலாம், மற்ற நடையைச் சேர்க்க வேண்டாம் என்பது நான் வைத்துக்கொண்ட விதி. உங்கள் விதி வேறாக இருக்கலாம், ஆனால் பாதி வருடத்தில் மாற்றாதீர்கள்.

படி 2: முதல் எட்டு வாரம், ஓட்டமும் நடையும்

ஒரு நிமிடம் மெதுவாக ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள். இது ஒரு சுற்று. ஏழு சுற்று போனால் 21 நிமிடத்தில் ஏறக்குறைய 2 கி.மீ. வந்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு வாரம்: 24 கி.மீ.

ஐந்தாவது வாரத்திலிருந்து இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஒன்பது சுற்று. இது ஏறக்குறைய 3 கி.மீ. எட்டாவது வாரம் முடியும்போது மொத்தம் 60 கி.மீ. கைவசம் இருக்கும்.

நடுவில் நடப்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். இந்த முறையைப் பல வருடங்களாகக் கற்றுக்கொடுத்துப் பரப்பிய ஜெஃப் கேலோவே, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர்.

எவ்வளவு மெதுவாக ஓடுவது? ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். ‘ம்’, ‘சரி’ என்று மட்டுமே வாயில் வருகிறது என்றால் வேகம் அதிகம். புதியவர்கள் ஏற்றுக்கொள்ளத் தயங்கும் விஷயம் இதுதான். சில வாரங்களிலேயே மூச்சு பழகிவிடும், இன்னும் வேகமாகப் போகலாம் என்று தோன்றும். ஆனால் எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். நெஞ்சு தயார், கால் இன்னும் தயாரில்லை என்ற அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான காயங்கள் வருகின்றன.

படி 3: எழுதிவையுங்கள்

செயலியில் தானாகப் பதிவாகிவிடும்தான். அப்படியும் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு பக்கத்தில் நான்கு பத்தி: தேதி, தூரம், இதுவரை மொத்தம், உடம்பு எப்படி. நான்காவது பத்தியில் இரண்டு வார்த்தை போதும். என் நோட்டில் ‘கால் கனம்’, ‘தூக்கம் போதவில்லை’, ‘லேசாக இருந்தது’ என்று இருக்கும். மூன்று ஓட்டத்துக்குத் தொடர்ந்து ‘கால் கனம்’ என்று எழுதியிருந்தால் நான்காவதைச் சுருக்கிவிடுவேன். எந்தக் கடிகாரமும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உயரமான கட்டடங்களுக்கும் அடர்ந்த மரங்களுக்கும் நடுவே ஜிபிஎஸ் கோடு வளைந்து நெளிந்து தூரத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். மைதானத்தில் ஓடினால் ஒரு சுற்று 400 மீட்டர் என்பது உள் ஓரப் பாதைக்கு மட்டுமே. எட்டாவது பாதையில் ஒரு முழுச் சுற்று 450 மீட்டருக்கு மேல். எதை வைத்து அளந்தாலும் வருடம் முழுக்க அதையே வைத்து அளங்கள்.

படி 4: மெதுவாகக் கூட்டுங்கள்

எட்டு வாரத்துக்குப் பிறகு மீதி 540 கி.மீ., மீதி 44 வாரம். முதலில் ஒதுக்கிய ஏழு வாரத்தில் மூன்றை இங்கே ஓட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, நான்கு வாரம் மட்டும் விட்டுப்போகும் என்று வைத்தால் 40 வாரம், வாரத்துக்கு 13.5 கி.மீ. இதை ஒரே மாதிரி ஓட வேண்டாம். மூன்று வாரம் 14.5 (அதாவது 4.5, 4.5, 5.5), நான்காவது வாரம் 10.5. அந்தக் குறைந்த வாரம் கால்கள் தேறுவதற்கானது. சராசரி அதே 13.5-தான் வரும்.

9-இலிருந்து 14.5-க்கு ஒரே தாவலாகப் போகாதீர்கள், 10.5, 12, 13 என்று ஏறுங்கள். அதனால் குறையும் நாலைந்து கிலோமீட்டரை மீதி வருடம் தாங்கிக்கொள்ளும்.

‘வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே’ என்று பலர் சொல்வார்கள். 2008-இல் நெதர்லாந்தில் 500-க்கும் மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்களை இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தபோது, இந்தப் பத்து சதவீத முறையில் போனவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் போனவர்களுக்கும் காயத்தில் வித்தியாசம் தெரியவில்லை; இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். அதனால் சதவீதத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். கடந்த ஒரு மாதத்தில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதை ஒரே நாளில் பெரிதாகத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷூ ஏறக்குறைய 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். இந்த இலக்குக்கு ஒரு நல்ல ஜோடி போதும்.

படி 5: விட்டுப்போன வாரங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

முதல் முறை 600-க்கு முயன்ற வருடம், நடுவில் காய்ச்சல் வந்து மூன்று வாரம் போனது. நோட்டில் மூன்று வாரம் காலியாக இருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. 39 கி.மீ. கடன், இரண்டு வாரத்தில் அடைத்துவிடலாம் என்று வாரத்துக்கு 33 கி.மீ. ஓட ஆரம்பித்தேன். ஒன்பதாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. முதலில் எலும்பு நெடுக ஒரு தேய்த்தாற்போன்ற வலி. இரண்டு நாளில் அது ஓரிடத்தில் குவிந்தது. கட்டைவிரலால் அந்த ஒரு புள்ளியை அழுத்தினால் உயிர் போனது. மருத்துவர் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். இன்னும் ஐந்து வாரம் போனது.

வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோதுதான் கணக்கைத் திரும்பப் போட்டேன். காய்ச்சல் முடிந்த அன்று வருடத்தில் 28 வாரம் மீதி இருந்தது. 39-ஐ 28-ஆல் வகுத்தால் 1.4. வாரத்துக்குக் கூடுதலாக 1.4 கி.மீ., பத்துப் பன்னிரண்டு நிமிட ஓட்டம். அவ்வளவுதான் அந்தக் கடன்.

ஆகவே, இடைவெளிக்குப் பிறகு இப்படிச் செய்யுங்கள். திரும்பும் முதல் வாரம் வழக்கத்தில் பாதி மட்டும் ஓடுங்கள். அடுத்த வாரம் முக்கால் பங்கு. அப்புறம் நோட்டை எடுத்து, மீதியுள்ள தூரத்தை மீதியுள்ள வாரங்களால் வகுங்கள். அதுதான் உங்கள் புதிய வார அளவு. பழைய அளவை அடித்துவிடுங்கள். புதிய அளவு உங்களால் தாங்க முடியாததாக வந்தால் வருட இலக்கைக் குறையுங்கள். 600-ஐ 540 ஆக்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

காய்ச்சல் இருக்கும்போது ஓடவே வேண்டாம். எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தாலும், வலியால் ஓடும் விதமே மாறினாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தினமும் ஓடியே தீருவது என்று இருப்பவர்களும் உண்டு. பிரிட்டனின் ரான் ஹில் 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை, 52 வருடத்துக்கும் மேலாக, ஒரு நாள் விடாமல் குறைந்தது ஒரு மைல் ஓடினார். ஓடும்போது நெஞ்சு வலித்ததும் நிறுத்திக்கொண்டார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த இலக்கில் ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு. தூர இலக்கில் படுத்து ஓய்வெடுக்க இடம் இருக்கிறது. புதியவர்களுக்கு அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

படி 6: கடைசி நான்கு வாரம்

வகுத்துப் பார்த்த அளவையே தொடருங்கள். மீதியைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடிக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். முடிந்தால் ஒரு வாரம் முன்பே முடியும்படி பாருங்கள். சளி பிடித்தாலும் இடம் இருக்கும்.

காயம்பட்ட அந்த வருடம் என் நோட்டு 511-இல் நின்றது. அடுத்த வருடத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியது இன்னும் இருக்கிறது: டிசம்பர் 21, 3.2 கி.மீ., மொத்தம் 600.4, ‘கால் லேசாக இருந்தது’.