எதிராளியைப் படித்தால் மட்டும் போதாது, எண்ணவும் வேண்டும்

டெக்ஸஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டத்தில் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து) எதிராளியைப் படிக்க நல்ல நேரம் நீங்கள் ஃபோல்டு பண்ணிவிட்ட, அதாவது சீட்டை மடக்கி விலகிவிட்ட பிறகுதான். அந்த நேரத்தில் பலர் போனை எடுத்துவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். யார் எத்தனை ஆட்டத்துக்கு உள்ளே வருகிறார், ஷோடவுனில் (கடைசியில் சீட்டைக் காட்டும்போது) எந்தச் சீட்டைத் திருப்பினார், அதே சீட்டை வைத்துக்கொண்டு ஃப்ளாப்பிலும் (முதல் மூன்று பொதுச் சீட்டு) டர்னிலும் (நான்காவது) எவ்வளவு போட்டார் என்று பின்னோக்கிப் பொருத்திப் பாருங்கள். முகபாவமெல்லாம் அப்புறம். பெரிய பெட் (பந்தயம்) போடும்போது கை நடுங்கினால் அது பெரும்பாலும் நல்ல சீட்டு வந்த பரபரப்பு, பயம் இல்லை.

சரி, பார்த்ததை எப்படிப் பயன்படுத்துவது? உங்களிடம் கிளாவர் ஏஸ், கிங். நீங்கள் ரெய்ஸ் பண்ண (பந்தயத்தை ஏற்ற), ஒருவர் மட்டும் கால் பண்ணினார் (அதே அளவு கட்டினார்). ஃப்ளாப்பில் இஸ்பேடு ஏஸ், ஆட்டின் 9, ஆட்டின் 4. டர்னில் 6, ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) ஜாக், இரண்டும் ஆட்டின் இல்லை. பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், 200 இருக்கும்போது அவர் 100 போடுகிறார். நீங்கள் 100 கட்டினால் மொத்தம் 400, ஆகவே நாலில் ஒரு தடவை ஜெயித்தாலே நஷ்டமில்லை.

உங்களை அடிக்கும் சீட்டுகளில் அவரிடம் பெரும்பாலும் இருக்கக்கூடியவற்றை எண்ணுங்கள்: 9, 6, 4 ஜோடிகள் (பொதுச் சீட்டோடு ஒரே எண்ணில் மூன்றாகும்) தலா 3 விதம், இரண்டு ஜோடி தரும் ஏஸ்-ஜாக் 6, ஏஸ்-9 6, ஆக 21. நாலில் ஒரு தடவை ஜெயிக்க, அவரிடம் 7 விதமாவது பிளஃப் (சீட்டு இல்லாமலே போடும் பெட்) இருக்க வேண்டும்; 28-இல் 7 கால்வாசி. கேள்வி இவ்வளவுதான்.

இரண்டு மணி நேரமாக நல்ல சீட்டை மட்டும் ஆடி, ரிவரில் போட்டபோதெல்லாம் நல்ல கையையே காட்டியவரிடம் அந்த 7 தேறாது. ஏஸ்-கிங்கை மடக்க மனசு வராது, ஆனாலும் மடக்கிவிடுங்கள். எதிரில் இருப்பவர் ஒரே ரகத்தில் எந்த இரண்டு சீட்டு வந்தாலும் உள்ளே வருபவர், ஃப்ளஷ் (ஒரே ரகத்தில் ஐந்து சீட்டு) சேராமல் போனதை இரண்டு தடவை பிளஃப் பண்ணிக் காட்டியவர் என்றால், ஜோடிகூடச் சேராத ஆட்டின் சீட்டுகளே அவரிடம் 28 விதம் இருக்கலாம். அதில் கால்வாசிக்கு பெட் போட்டாலே 7 வந்துவிடும்; இவரிடம் உங்களை அடிக்கும் கை இன்னும் சில கூடினாலும், பாதிக்குப் போட்டால் போதும். தயங்காமல் கால் பண்ணுங்கள்.

ஒரே ஒரு பிளஃபைப் பார்த்து ஆளை முடிவு கட்டாதீர்கள். புதிதாக வந்து உட்கார்ந்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாதவரை உங்கள் வழக்கமான ஆட்டத்தையே ஆடுங்கள். பெரிய பாட்டை இழந்த கையோடு ஒருவர் வேகமாகச் சிப்ஸைத் தள்ள ஆரம்பித்தால், அவரைப் பற்றி முன்பு எண்ணி வைத்திருந்த கணக்கை அங்கேயே மாற்றுங்கள்.