அறுபதாம் பக்கத்தைத் தாண்டுவது எப்படி? முதல் நாவலுக்கு ஒரு செய்முறை

என் மேசை இழுப்பறையில் இரண்டு நாவல்கள் செத்துக் கிடக்கின்றன. ஒன்று 58ஆம் பக்கத்தில் உயிரை விட்டது, மற்றது 63ஆம் பக்கத்தில். மூன்றாவது எப்படியோ பிழைத்து 212 பக்கம் வரை வளர்ந்துவிட்டது. அதை எழுதிய நான்கு ஆண்டுகளில் எனக்குத் திறமை ஒன்றும் கூடிவிடவில்லை. வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த விதத்தை முதல் நாவல் எழுத உட்காருகிறவர்களுக்காக இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். பகல் முழுவதும் பிள்ளைகள், மாலையில் விடைத்தாள்கள். ஆகவே இது முழுநேர எழுத்தாளருக்கான செய்முறை இல்லை. சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கானது.

படி 1: ஓர் ஆளைப் பிடியுங்கள்

செத்துப்போன இரண்டையும் நான் 'கரு'விலிருந்து தொடங்கினேன். ஒன்றின் கரு கிராமத்தின் சிதைவு. இன்னொன்றின் கரு என்ன என்பது இன்று எனக்கே நினைவில்லை. கரு காலையில் எழுந்து பல் துலக்காது, யாரிடமும் கடன் கேட்காது. அதை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதலாம்.

ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஓர் ஆளின் பெயரை எழுதி, கீழே மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும்? அது கிடைக்காமல் தடுப்பது எது? அது கிடைத்துவிட்டால் எது கைவிட்டுப் போகும்?

என் நாவலில் வருகிறவள் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும் பெண், அதாவது மருந்தில் முக்குவதற்காகத் தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுகிறவள். (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ்தான்.) அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும். அப்பா ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். அது கழியும்வரை வீட்டிலிருந்து ஒருவர் வேலைக்குப் போயாக வேண்டும். இரண்டு கேள்விக்கும் பதில் சுலபமாக வந்துவிட்டது. மூன்றாவதற்கு ஒரு வாரம் ஆனது. இவள் பரீட்சைக்குப் போனால், இவள் உட்கார்ந்த இடத்தில் இவளுடைய தங்கை போய் உட்கார வேண்டும். அந்த வரியை எழுதிய இரவுதான் இது நாவல் என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சிறுகதையாகவே எழுதிவிடுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

படி 2: தெரியாததைப் போய்ப் பாருங்கள், சீக்கிரம் திரும்பி வாருங்கள்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாதவற்றை எழுதுங்கள். மருந்து முக்கும் இடத்தில் என்ன நாற்றம் அடிக்கும்? விடிவதற்கு முன் வரும் வண்டியில் யார் எங்கே உட்காருவார்கள்? இவற்றை இணையத்தில் தேடிப் பயனில்லை. ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' எழுதுவதற்குத் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய் அந்த மனிதர்களோடு பழகினார். நமக்கு அத்தை வீடு வரை போகவே சோம்பல்.

ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தகவல் சேகரிப்பது எழுதுவதைப் போலவே ஒரு திருப்தியைத் தரும். நான் அதில் ஐந்து மாதம் தொலைத்தேன். மூன்று நடை போதும். மிச்சம் எழுதும்போது தானாகத் தெரியவரும், அப்போது மறுபடி போகலாம்.

படி 3: அளவை முடிவு செய்து, கணக்கு எழுதுங்கள்

இந்த முழுச் செய்முறையிலும் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டனி டிராலப் என்று ஓர் ஆங்கில நாவலாசிரியர், 1815இல் பிறந்து 1882இல் இறந்தவர். 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் தபால் துறையில் வேலை பார்த்தார். அந்த நாட்டில் தெருவோரத் தபால் பெட்டி வந்ததற்கே அவர் கொடுத்த யோசனை ஒரு காரணம். அப்படிப்பட்ட அரசு ஊழியர் 47 நாவல்கள் எழுதினார். காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். தன்னை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காக ஒரு முதிய வேலையாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பது. பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள். வேலை நிமித்தம் ரயிலில் போகும்போது மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு எழுதினார்.

என்னைக் கவர்ந்தது அவருடைய வேகம் இல்லை, அது நமக்கு எட்டாது. அவர் வைத்திருந்த நாட்குறிப்பு. நாவல் தொடங்கும்போதே வாரம் வாரமாகக் கோடு போட்டு, அன்றன்று எழுதிய பக்கங்களை அதில் குறித்துவிடுவார். 250 சொற்கள் ஒரு பக்கம் என்பது கணக்கு. சராசரியாக வாரத்துக்கு 40 பக்கம். 20ஆகக் குறைந்ததும் உண்டு, 112ஆக ஏறியதும் உண்டு. ஒரு வாரம் குறைந்துபோனால் அந்த எண் கண்ணில் கொப்புளம் மாதிரி உறுத்தியது என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நாவல் எழுதுவதற்கு நாற்காலியில் தடவிய செருப்புத் தைக்கும் மெழுகைவிடச் சிறந்த துணை இல்லை என்று தனக்கு ஒருவர் சொன்னதாகவும் அதில் வருகிறது. அவர் இறந்த பிறகு, 1883இல் அந்தப் புத்தகம் வந்தபோது வாசகர்கள் முகம் சுளித்தார்கள். கலைஞன் குமாஸ்தா மாதிரிக் கணக்கெழுதலாமா என்பது அவர்கள் வருத்தம். எழுதலாம். கணக்கெழுதாத கலைஞனாக நான் இரண்டு நாவல்களைக் கொன்றிருக்கிறேன்.

நம் கணக்குக்கு வருவோம். தமிழில் அச்சான ஒரு பக்கம் ஏறக்குறைய 220 முதல் 250 சொற்கள். தமிழில் சொல் எண்ணிக்கையை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். 'வந்துகொண்டிருந்தவளிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். நாளுக்கு ஒரு பக்கம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 40 வாரங்களில் 200 பக்கம். தீபாவளி, பொங்கல், காய்ச்சல், கல்யாண வீடு எல்லாம் போக ஓராண்டில் முதல் வடிவம் கையில் இருக்கும்.

நோட்டின் நடுப்பக்கத்தில் வாரத்துக்கு ஒரு வரி என்று கோடு போடுங்கள். தேதி, எழுதிய பக்கம், ஒரே ஒரு குறிப்பு. எழுதாத நாளில் பூஜ்யம் போடுங்கள். கட்டத்தை வெறுமனே விடக் கூடாது. வெறும் கட்டம் கண்ணில் படாது, பூஜ்யம் படும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மகாபாரதத்தை ஜெயமோகன் நாவலாகத் திரும்ப எழுதிய 'வெண்முரசு' 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை, நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்று 26 நாவல்களாக வெளிவந்தது. அதைப் பார்த்து உங்கள் அளவை ஏற்றாதீர்கள். பக்கத்து வீட்டில் யானை கட்டியிருக்கிறார்கள் என்பதற்காக நாம் ஆட்டுக்கொட்டகையை இடிக்க வேண்டியதில்லை.

படி 4: இடம்

தனி அறை, புதுக் கணினி, நல்ல நாற்காலி என்று காத்திருக்க வேண்டாம். அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். நான் சமையலறை மேடையின் ஓரத்தில், விடிகாலை நாலரைக்கு, மோட்டார் போடுவதற்கு முன்னால் எழுதினேன். ஒரே இடம், ஒரே நேரம் என்பது மட்டும் முக்கியம்.

படி 5: பாதியில் எழுந்துவிடுங்கள்

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும் என்பது ஹெமிங்வே சொன்ன வழி. ஊற்று வற்றும்வரை இறைத்தால் மறுநாள் வாளி கல்லில் மோதும். நான் இதைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்வேன்: வாக்கியத்தையே முடிக்காமல் எழுந்துவிடுவேன். 'மேஸ்திரி சட்டத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு' என்று நிற்கும். பள்ளியில் காலை வழிபாட்டில் நிற்கும்போதும் அந்த மேஸ்திரி என் தலைக்குள் சட்டத்தைத் தூக்கிக்கொண்டே நிற்பார். மறுநாள் விடிகாலையில் ஊக்கம் வேறு தேட வேண்டியதில்லை. அந்த மனிதரை அந்தக் கோலத்திலிருந்து விடுவித்தாலே போதும்.

முந்தைய நாளின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் திருத்தத் தோன்றும். என் முதல் நாவலின் முதல் அத்தியாயத்தைப் பதினொரு முறை திருத்தினேன். அது மிக அழகான அத்தியாயம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

படி 6: அறுபதாம் பக்கம்

தொடங்கியபோது இருந்த குதூகலம் இங்கே தீர்ந்துவிடும். முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாது. இந்த இடத்தில்தான் புதிதாக வேறொரு நாவல் மனத்தில் தோன்றும். அது இதைவிட நூறு மடங்கு சிறப்பாகத் தெரியும். ஏமாறாதீர்கள், அதற்கும் அறுபதாம் பக்கம் உண்டு. அதை நோட்டில் ஐந்து வரி எழுதி மூடிவிடுங்கள்.

எழுத்து நின்றுபோனால் சோம்பல் என்று உங்களையே திட்டிக்கொள்வதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருந்தது. எழுத வேண்டிய விஷயம் எனக்குத் தெரியாது. அப்படியானால் இரண்டாம் படிக்குப் போக வேண்டும். அல்லது, நாலைந்து அத்தியாயங்களாக என் ஆள் எதையும் தீர்மானிக்கவே இல்லை. அவளுக்கு எல்லாம் நடந்துகொண்டே இருந்தது. என் கதாநாயகி 61ஆம் பக்கத்தில் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். நானும் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் அவளைத் தங்கையின் பள்ளிப் பையை ஒளித்துவைக்கச் செய்தேன். கெட்ட காரியம். ஆனால் அன்று மூன்று பக்கம் வந்தது.

படி 7: விட்டுப்போனால் திரும்பும் வழி

விட்டுப்போகும். எனக்கு மார்ச் மாதம் பொதுத்தேர்வு, பிறகு விடைத்தாள் திருத்தம். ஏழு வாரம் பூஜ்யம். உற்சாகம் குறைந்ததால் நாவல்கள் சாவதாக நான் நம்பவில்லை. பேச்சுவார்த்தை நின்றுபோவதால்தான் சாகின்றன. நெடுநாள் பார்க்காத உறவினர் வீட்டுக்குப் போகக் கூச்சமாக இருப்பது போல, நாட்கள் கூடக் கூடக் கோப்பைத் திறக்கவே கூசும்.

திரும்பும் நாளில் புதிதாக ஒரு வரியும் எழுத வேண்டாம். கடைசியாக எழுதிய பக்கத்தைக் கையால் நோட்டில் படியெடுங்கள். இரண்டாம் நாளும் அப்படியே, அதற்கு முந்தைய பக்கம். மூன்றாம் நாள், உங்கள் ஆள் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுவதாக வைத்துக்கொண்டு, நீங்கள் இல்லாத நாட்களில் என்ன செய்தாள் என்று எழுதுங்கள். அது நாவலில் சேராது. எனக்கு வந்த கடிதத்தின் முதல் வரி, 'சார், நீங்கள் வராததால் சம்பள நாள் தள்ளிப்போய்விட்டது' என்று இருந்தது. நான்காம் நாள் பழைய அளவில் பாதி.

விட்ட வாரங்களை ஈடுகட்ட நாளுக்கு நாலு பக்கம் எழுதப் பார்க்காதீர்கள். நான் முயன்று முதுகு வலிதான் மிஞ்சியது.

படி 8: கதையை வாயால் சொல்லாதீர்கள்

டீக்கடையில் நண்பரிடம் சுவையாகச் சொல்லி, அவர் 'பிரமாதம்' என்றுவிட்டால், எழுதிக் கிடைக்க வேண்டிய மகிழ்ச்சி அங்கேயே கிடைத்துவிடும். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டால் பக்க எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

படி 9: முடித்தபின்

முதல் வடிவம் முடிந்ததும் ஒரு மாதம் தொடாதீர்கள். பிறகு சத்தம் போட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியங்கள் தாமாகத் தெரியும். தலைப்பு, உவமைகள், நீங்கள் மிகவும் ரசித்த பத்திகள் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். நான் 47 பக்கம் வெட்டினேன். அதில் பாதி ஐந்து மாதத் தகவல் சேகரிப்பின் விளைச்சல்.

அதன் பிறகு ஒரே ஒருவரிடம் கொடுங்கள். இலக்கியம் தெரிந்தவர் என்பதைவிட அந்த வாழ்க்கை தெரிந்தவராக இருந்தால் நல்லது. நான் கட்டை அடுக்கிய என் அத்தையிடம் கொடுத்தேன். கண் சரியில்லை என்று என்னையே படிக்கச் சொன்னார். நான்கு மாலைகள் படித்தேன். தங்கை முதல் நாள் வேலைக்குப் போய்வந்து இரவில் விரல் வலியால் அழும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"முதல் நாள் விரல் வலிக்காதடா. இடுப்புதான் வலிக்கும். விரல் பிறகுதான். நான் அழவும் இல்லை, சாப்பிடாமல் தூங்கிவிட்டேன்" என்றார்.

அன்றிரவு அந்த இரண்டு பக்கங்களை அடித்துவிட்டு ஒரு வரி எழுதினேன். மறுநாள் நோட்டில், பக்கம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல், கழித்தல் இரண்டு என்று போட்டேன்.