ஒருங்கிணைப்புக் குழுவின் கூட்டறிக்கையைக் கேட்டுப் பெறும் முறை

திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் வீதி, வடிகால், மேய்ச்சல் தரை, வாய்க்கால் நீர் போன்ற விடயங்கள் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் விவசாயக் குழுவிலும் பேசப்படுகின்றன. அங்கே தீராதவை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் போகின்றன. ஆனால் என்ன முடிவானது என்பது ஊருக்கு வாய்வழியாக, பாதி மாறித்தான் வந்து சேர்கிறது.

2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையிலுள்ள, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கூட்ட அறைக்குள் உட்காரும் உரிமையைத் தரவில்லை. அது தருவது கூட்டத்தில் பேசி முடிவானவற்றின் எழுத்துப் பதிவை, அதாவது கூட்டறிக்கையைப் பெறும் உரிமை. கூட்டத்துக்கு அழைக்கப்படும் கமக்காரர் அமைப்போ மீனவர் சங்கமோ உங்கள் ஊரில் இருந்தால் அதனூடாகக் குரல் கொடுங்கள். இல்லாவிட்டாலும் கூட்டறிக்கை உங்களுக்கு உரியதே. அபிப்பிராயங்களும் ஆலோசனைகளும்கூட இச்சட்டத்தின்படி 'தகவல்' என்பதால், ஆலோசனை கூறும் குழுவின் பதிவு என்பதை மட்டும் காரணமாகக் காட்டி அதனை மறுக்க முடியாது.

தகவல் கேட்கும் விண்ணப்பத்தின் பலம் அதன் சொற்களில் இருக்கிறது. "எங்கள் குளத்து நீர் பற்றிய எல்லாத் தகவல்களும்" என்று எழுதினால் அலுவலருக்கு எந்தக் கோவையை எடுப்பது என்றே விளங்காது. "2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை நடைபெற்ற பிரதேச விவசாயக் குழுக் கூட்டங்கள் ஒவ்வொன்றினதும் நிகழ்ச்சி நிரல், வரவுப் பதிவு, கூட்டறிக்கை, சமர்ப்பிக்கப்பட்ட முன்னேற்ற அறிக்கைகள் ஆகியவற்றின் பிரதிகள்" என்று எழுதுங்கள். கூட்டறிக்கையில் தீர்மானத்துக்கு எதிரே, நடவடிக்கை எடுக்க வேண்டிய அலுவலரின் பதவி குறிக்கப்பட்டிருந்தால், உங்கள் அடுத்த கேள்வி யாருக்குப் போக வேண்டும் என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்; எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால், இத்தகைய விண்ணப்பங்களைக் கையாளும் தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிய வேண்டும். சங்கத்தின் பெயரிலும் கேட்கலாம். அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினரேனும் பிரஜைகளாக இருக்க வேண்டும். தகவல் அலுவலர் யார் என்பதை அலுவலகத்தில் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். எவரும் நியமிக்கப்படாவிட்டால் அலுவலகத் தலைவரே அப்பொறுப்பை வகிப்பார். நான் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பத்தை நீட்டியபோது, "இது என்ன தேவைக்கு?" என்ற கேள்வியே முதலில் வந்தது. காரணம் கூற வேண்டிய கடமை பிரஜைக்கு இல்லை என்பதை அமைதியாகச் சொல்லுங்கள். அதற்காக வீடு திரும்பிவிடாதீர்கள். கையளித்ததற்கான எழுத்து மூலச் சான்றைப் பெறாமல் அந்த மேசையை விட்டு எழக்கூடாது, ஏனெனில் பின்வரும் காலக்கெடுக்களுக்கு அந்தத் துண்டே உங்கள் ஆதாரம்.

தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுப்பதானால், மறுக்கக்கூடிய தகவல்களைக் கூறும் இச்சட்டத்தின் 5 ஆம் பிரிவின் எந்த விலக்கின் கீழ் என்று குறிப்பிட வேண்டும். ஒரு பக்கத்தில் எவரினதும் தனிப்பட்ட விபரம் இருந்தால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரலாம் என்பதால், முழு அறிக்கையையும் மறுப்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பொதுநலன் மேலோங்கும் இடத்தில் விலக்குக்கு உட்பட்ட தகவலும் வெளியிடப்பட வேண்டியதே.

மறுப்பு வந்தால் 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு தர வேண்டும். அதுவும் பயன் தராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம்.

பழைய கூட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த பின் உருவான பதிவுகளை 12 ஆண்டுகளேனும் பேண வேண்டும். ஆகவே 2018 ஆம் ஆண்டின் கூட்டறிக்கையைக் கேட்கும்போது "அந்தக் கோவை இப்போது இல்லை" என்று வாயால் சொன்னால், அதையே எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கி, உங்கள் மேன்முறையீட்டுடன் இணைத்து அனுப்புங்கள்.