சிறு பிள்ளைகளுக்கு வீட்டில் வேதம் (பைபிள்) சொல்லிக்கொடுப்பது எப்படி

களியக்காவிளை தாண்டி பாறசாலைப் பக்கம் எங்கள் வீடு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம் எல்லாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் வீட்டிலும் சபையிலும் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. ஞாயிறு பள்ளி ஒரு மணி நேரம் மட்டும் போதாது என்று தோன்றி வீட்டில் தொடங்கினோம். இரண்டு வருடமாக எங்களுக்குச் சரியாக வந்ததை எழுதுகிறேன்.

முதலில் நேரம். காலை எங்களுக்கு ஒத்துவரவில்லை. இவர்களின் அப்பா விடியுமுன் ரப்பர் வெட்டப் போய்விடுவார். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்றால் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பத்தே நிமிடம், பாய் விரித்து. பாட்டா (தாத்தா) ஜெபிக்க ஆரம்பித்தால் நீளும் என்பதால் ஒரு பாட்டு, கதை, வசனம் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுகிறோம்.

அடுத்து கதை. வாசிக்காதீர்கள், சொல்லுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் மனப்பாடத்துக்கு மிக நல்லது, அதன் ஓசை நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கதைக்கு நம் வீட்டுப் பேச்சுதான் வேண்டும். கைபேசியில் கார்ட்டூன் போட்டுக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. படம் முடிந்ததும் பிள்ளை அடுத்த படம் கேட்கிறதே தவிர, கேள்வி கேட்பதில்லை. வீட்டில் கிடக்கும் பொருளே போதும்.

உதாரணத்துக்கு விதைக்கிறவன் உவமை, மாற்கு 4: விதை வழியருகே, கற்பாறையில், முள்ளில், நல்ல நிலத்தில் என்று நாலு இடத்தில் விழுகிற கதை. நான்கு சிரட்டை (தேங்காய் ஓடு) எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மண்ணை அழுத்திக் கெட்டியாக்கி, மேலாக நாலு சிறுபயறு. இரண்டாவதில் சரளைக்கல் நிரப்பி, அதன்மேல் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் மண். மூன்றாவதில் களையோடு சேர்த்துப் பெயர்த்த மண். நாலாவதில் நல்ல மண். இந்த மூன்றிலும் பயறை மண்ணுக்குள் ஊன்றுங்கள். முதல் சிரட்டையை மதில்மேல் வையுங்கள், காக்கை வந்துவிடும். மற்ற மூன்றுக்கும் காலையில் ஒரே அளவு தண்ணீர். இரண்டு மூன்று நாளில் முளைவிடும். கல் சிரட்டையிலும் முளை வந்ததைப் பார்த்து மகன் குதித்தான். வெயிலில் அதுதான் முதலில் வாடியது. "வேர் போக இடம் இல்லை, அம்மா" என்று அவனே சொன்னான். நான் அந்த உவமைக்கு விளக்கம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

வசனம் வாரத்துக்கு ஒன்று. மகளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். அதனால் பழைய காலண்டர் அட்டையில் மேலே தமிழிலும் கீழே மலையாள எழுத்திலும் எழுதினேன். ஒரு மாதம் கழித்துக் கீழ்ப் பாதியை மடித்துவிடுங்கள். மடிக்காவிட்டால் மேல் பாதியைப் பிள்ளை பார்க்கவே பார்க்காது.

இனி நான் தவறிய இடம். பள்ளியிலிருந்து மகள் தோழியின் வாசனை ரப்பர் ஒன்றை எடுத்துவந்தாள். கேட்டதற்கு, தந்தார்கள் என்றாள். பொய் என்று தெரிந்ததும் "பொய் உதடுகள் கர்த்தருக்கு அருவருப்பானவைகள்" என்ற வசனத்தை இருபது முறை எழுத வைத்தேன். அழுதுகொண்டே எழுதினாள். மறுநாள் மாலை நான் வேதத்தைக் கையில் எடுத்ததும், "இன்னைக்கு நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. ஆண்டவருடைய வார்த்தையை நான் பிரம்பாக்கியிருந்தேன். "இயேசப்பா கண்ணைக் குத்துவார்" என்று பயமுறுத்துவதும் இதே தவறுதான்.

என்ன செய்தேன் என்றால், முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "மக்களே, அம்மா உன்னை அப்படி எழுத வெச்சது தப்பு. மன்னிச்சுக்கோ." அந்த வசனத்தின் மறுபாதியையும் சொன்னேன்: "உண்மையாய் நடக்கிறவர்களோ அவருக்குப் பிரியம்." பிறகு, ஜனங்களிடம் அநியாயமாய் வாங்கிவந்த வரி வசூலிக்கிற சகேயுவின் கதை. காட்டத்தி மரத்தில் இருந்தவனிடம் இயேசு அவன் தப்பை எல்லாம் எண்ணிக் காட்டவில்லை, உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்கிறான். அந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். கதையை முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். இரண்டாம் நாள் அவளே ரப்பரைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றாள். பள்ளி வாசல்வரை கூடப் போனேன். கொடுத்தது அவள்தான், பேசியதும் அவள்தான்.

கலாத்தியர் 5-ல் வரும் அன்பு, சந்தோஷம், சமாதானம் முதலான ஒன்பது குணங்களை வாரத்துக்கு ஒன்றாக எடுக்கலாம். ஆனால் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டும் அட்டவணை வேண்டாம். எங்கள் வீட்டில் அது அண்ணன் தம்பிச் சண்டைபோல அக்காள் தம்பிச் சண்டையைத்தான் வளர்த்தது. வசனத்திலும் ஒன்பதையும் சேர்த்து "ஆவியின் கனி" என்று ஒருமையில்தான் இருக்கிறது.

கொடுக்கப் பழக்க, பிடியரிசி. உலை வைக்கும்போது மகன் தன் சின்னக் கையால் ஒரு பிடி அரிசி அள்ளி டப்பாவில் போடுவான். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு அவனே சுமந்து வருவான். இதற்கு இணையான பாடம் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), புராட்டஸ்டண்ட் சபை. ஆனாலும் நட்டாலத்தில் 1712-ல் பிறந்த கத்தோலிக்கப் புனிதர் தேவசகாயம் பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். 2022 மே 15-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது ஊரெல்லாம் பேச்சு. அவர் சாதி பார்க்காமல் எல்லாரையும் சமமாக நடத்தியதை மட்டும் இப்போது சொல்லுங்கள். காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பத்து வயதுக்கு மேல் சொன்னால் போதும்.

பின்சேர்க்கை: இதைச் செய்துபார்த்த ஒரு தாய், ரெண்டு வயதுப் பிள்ளை உட்காரவே மாட்டேன் என்கிறதே என்றார்கள். உட்காரவேண்டாம். கைதட்டி ஒரு பாட்டு, கடைசியில் ஒரு ஆமென், அவ்வளவு போதும். இன்னொரு வீட்டில் கோழி நாலு சிரட்டையையும் கிளறிவிட்டது. முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கோழிக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இடவப்பாதி மழையில் (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை) கல் சிரட்டையும் வாடாமல் பச்சையாகவே நிற்கும், எங்களுக்கே ஒருமுறை அப்படி ஆனது. தை, மாசி வெயிலில் செய்யுங்கள்.