சின்ன ஊரில் திரைப்பட விழா: நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் விழாவின் முதல் ஆண்டு, காலை பதினொரு மணிக் காட்சிக்குத் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு ஒத்திகை பார்த்திருந்தோம், படம் பளிச்சென்று இருந்தது. கல்யாண மண்டபத்தின் மேல்வரிசை வெண்டிலேட்டர்களை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆற்று மணல் பற்றிய ஆவணப்படம் அது. பகல் வெளிச்சத்தில் ஆறு, மணல், லாரி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிப் போனது. படத்தை எடுத்த தம்பி இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த முகம் இன்னும் மனசில் நிற்கிறது. அடுத்து விழா நடத்த நினைக்கும் ஊர்க்காரர்கள் அதே இடத்தில் இடறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் செய்த பெரிய தவறு வெண்டிலேட்டரில் இல்லை. கோவாவிலும் திருவனந்தபுரத்திலும் நடக்கும் பெரிய சர்வதேசத் திரைப்பட விழாக்களை மனதில் வைத்துக்கொண்டு ஒரு சின்ன ஊருக்குத் திட்டம் போட்டதில்தான் இருந்தது. அங்கே ஆயிரக்கணக்கான பிரதிநிதிகள் வருகிறார்கள், ஒரே நேரத்தில் பல திரைகளில் படம் ஓடுகிறது, பிடித்ததைத் தேடி ஓடலாம். நம் ஊரில் ஒரே மண்டபம். வருகிறவர்கள் நூற்றைம்பது பேர். அதில் பாதிப் பேர் இப்படிப்பட்ட படத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறவர்கள். விழா அவர்களுக்காகத்தான் என்று முடிவெடுத்துவிட்டால் எத்தனை படம், என்ன தேதி, எந்த மொழியில் சப்டைட்டில் என்ற மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வந்துவிடும்.

நாங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது தர்மசாலா. ரிது சரின், டென்சிங் சோனம் என்ற இயக்குநர் தம்பதி 2012-ல் அந்த இமாசல மலையூரில் விழாவைத் தொடங்கினார்கள். விழா நடந்த மெக்லியோட் கஞ்ச் பகுதியில் பெரிய தியேட்டர் எதுவும் இல்லை. திபெத்தியப் பள்ளி வளாகம், நிகழ்த்துகலை நிறுவனத்தின் அரங்கு என்று கையில் இருந்த இடங்களைத் திரையரங்காக மாற்றினார்கள். பிற்பாடு காற்றடைத்து நிமிர்த்தும் நடமாடும் திரையரங்குகளையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் சிறைக்கும்கூடப் படங்களை எடுத்துப்போனார்கள். வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வரும் விழா அது, ஆனாலும் ஊரை மறக்கவில்லை. போட்டிப் பிரிவு கிடையாது, பரிசும் கிடையாது.

பரிசைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சின்ன விழாவுக்கு அது வேண்டாம். சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த ஒளிப்பதிவு என்று முப்பது கேடயம் அடித்தால் கடைசி நாள் மாலை முழுக்க மேடையிலேயே போய்விடும். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வருகிற படத்துக்கெல்லாம் விருதுச் சான்றிதழ் அனுப்பும் இணைய 'விழாக்கள்' ஏற்கனவே ஏராளம். இளம் இயக்குநர்கள் அதில் பணம் விட்டு நொந்துபோயிருக்கிறார்கள். கேடயத்துக்குச் செலவாகும் தொகையைத் தேர்வான படங்களுக்குத் திரையிடல் கட்டணமாகப் பிரித்துக் கொடுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும், உழைப்புக்குக் கிடைத்த கூலி என்ற மரியாதை அதில் இருக்கிறது.

அடுத்தது, படங்களை அடுக்குவது. முதல் ஆண்டு மூன்று நாளில் ஐம்பத்திரண்டு படம் போட்டோம். இரண்டாம் நாள் மதியம் மண்டபத்தில் இருந்தவர்கள் பதினொரு பேர், அதில் நான்கு பேர் எங்கள் தன்னார்வலர்கள். இப்போது பத்தொன்பதைத் தாண்டுவதில்லை. கணக்கு எளிது. தொண்ணூறு நிமிடப் படத்துக்கு நிரலில் இரண்டேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆட்கள் வந்து உட்காரப் பத்து நிமிடம், படம் முடிந்து பேச அரை மணி, மூச்சுவிடக் கொஞ்சம். பேச்சைக் குறைத்து இன்னொரு படத்தைச் செருகலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜப்பானின் யாமகாட்டா நகரில் 1989-லிருந்து ஈராண்டுக்கு ஒருமுறை ஆவணப்பட விழா நடக்கிறது. அங்கே, 2020-ல் மூடப்படும் வரை, இரவுக் காட்சிகள் முடிந்ததும் படம் எடுத்தவர்களும் பார்த்தவர்களும் ஒரு பழைய ஊறுகாய்க் கடை உணவகத்தில் கூடி நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த விழாவின் பெயர் உலகம் முழுக்கப் பரவியதில் அந்த உணவகத்துக்கும் பங்கு உண்டு. நமக்கு ஒரு டீக்கடை பெஞ்சு போதும். ஆனால் அதற்கான நேரம் நிரலிலேயே இருக்க வேண்டும்.

இனி வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் வருகிறேன். பெரும்பாலான சின்ன விழாக்கள் சறுக்கும் இடம் இது.

வாடகைக்குக் கிடைக்கும் ப்ரொஜெக்டர்கள் பெரும்பாலும் கூட்ட அறைக்கென்று செய்தவை. தியேட்டரில் திரை வெளிச்சத்துக்கு 14 அடி-லம்பெர்ட் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சாதாரண வெள்ளைத் திரைக்கு, திரையின் பரப்பைச் சதுர அடியில் கணக்கிட்டு 14-ஆல் பெருக்கினால் ப்ரொஜெக்டரின் வெளிச்சம் எத்தனை லூமென்ஸ் வேண்டும் என்று தெரிந்துவிடும். 12 அடி அகலம், ஆறேமுக்கால் அடி உயரத் திரை என்றால் 81 சதுர அடி, ஏறத்தாழ 1,134 லூமென்ஸ் போதும். அதே வடிவில் 20 அடி அகலத் திரைக்கு ஆசைப்பட்டால் 225 சதுர அடி, 3,150 ஆகிவிடும். இது திரையில் வந்து விழ வேண்டிய வெளிச்சம். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்ப முடியாது, பழைய பல்பு பாதி வெளிச்சத்துக்கு இறங்கியிருக்கும். அதுவும் முழு இருட்டில்தான் இந்தக் கணக்கு செல்லும். ஆகவே பெரிய திரை கேட்டு அடம்பிடிக்காதீர்கள். 12 அடித் திரையில் பளிச்சென்று தெரியும் படம், 20 அடியில் மங்கித் தெரிவதைவிட எத்தனையோ மேல். வெண்டிலேட்டருக்குக் கறுப்புத் தார்ப்பாய் கட்டுங்கள். எந்த நேரத்தில் காட்சியோ அதே நேரத்தில் ஒத்திகை பாருங்கள்.

ஒலியில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு படத்தில் பின்னணி இசை அருமையாகக் கேட்டது, பறவைகள் கத்துவது கேட்டது, மனிதர்கள் வாயசைத்தார்கள், குரல் மட்டும் வரவில்லை. படம் பழுது என்று நினைத்துப் பத்து நிமிடம் தவித்தோம். விஷயம் என்னவென்றால், ஆறு தனித்தனித் தடங்களாக வரும் 5.1 ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் பதிவாகியிருக்கும். நம் சவுண்ட் சர்வீஸ் அண்ணன் இடது, வலது இரண்டு ஒயரை மட்டும் செருகியிருந்தார். ஆறு தடங்களையும் இரண்டில் கலந்து தரும்படி பிளேயரில் அமைக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டீரியோ பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லி இயக்குநரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். இன்னொன்று, மண்டபத்தின் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் குரலை எதிரொலித்துக் குழப்பும். தரையில் ஜமுக்காளம் விரித்து, பக்கச் சுவர்களில் கனத்த துணி தொங்கவிட்டோம். வசனம் தெளிந்தது.

ஊர்த் தியேட்டரை வாடகைக்கு எடுத்தால் இந்தத் தொல்லைகள் இல்லை, வேறொன்று உண்டு. டிசிபி என்ற, தியேட்டருக்கான டிஜிட்டல் வடிவில் பூட்டி வரும் படத்துக்குத் திறவுகோல் கோப்பு தனியாக வரும். அது குறிப்பிட்ட ஒரு சர்வருக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே செல்லும். கடைசி நிமிடத்தில் 'ஸ்க்ரீன் ஒன்றில் புதுப்படம் ஓடுகிறது, இரண்டுக்குப் போங்கள்' என்று மேனேஜர் சொன்னால் படம் திறக்காது. சர்வர் எண்ணை எழுதி வாங்குங்கள், மாற்ற மாட்டோம் என்ற உறுதியையும் வாங்குங்கள். படத்தை முந்தின நாளே ஏற்றி, ஐந்து நிமிடமாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

சப்டைட்டிலைப் பற்றி நான் யாரோடும் சண்டை போடத் தயார். வங்காளப் படத்தை ஆங்கில எழுத்தோடு போட்டுவிட்டு 'மக்கள் வரவில்லை' என்று வருத்தப்படுவது நியாயமே இல்லை. இயக்குநரிடம் வசனப் பட்டியலும் சப்டைட்டில் கோப்பும் வாங்கி, தமிழில் பெயர்த்துப் போடுங்கள். எங்களுக்கு இதைச் செய்வது இரண்டு பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்கள் சிலரும்தான். முதல் முயற்சியில் வரிகள் நீண்டுவிடும். தமிழ் வாக்கியம் இடத்தை எடுத்துக்கொள்ளும், இரண்டு வரிக்கு மேல் போனால் கண் படத்தைவிட்டு எழுத்திலேயே தங்கிவிடும். சொல்லைக் குறைத்துக் குறைத்து எழுதப் பழக வேண்டும். எல்லாம் முடித்து மண்டபக் கணினியில் ஓட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று எழுத்து சிதறித் தெரியலாம். எழுத்துருவையும் பிளேயரையும் முன்பே சரிபாருங்கள். அல்லது எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்த பிரதியைத் தயாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டு மண்டபத்தைக் கூட்டிப் பெருக்க வந்த அம்மா, தமிழ் எழுத்து ஓடுவதைப் பார்த்துவிட்டு விளக்குமாறோடு கதவோரம் நின்றுவிட்டார். அசாமில் வெள்ளத்தில் வீடு இழந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய படம். முடிந்ததும் மைக் கொடுத்தோம். 'அந்தப் பாட்டிக்கு வீடு கட்டிக் குடுத்தாங்களாய்யா?' என்று கேட்டார். இயக்குநருக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. 'இல்லைம்மா' என்றார்.

சட்ட விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். தணிக்கைச் சான்று இல்லாத படங்களை விழாவில் காட்ட, 1952-ம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 9-ம் பிரிவின்கீழ் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு கேட்க வேண்டும். படப் பட்டியல், கதைச் சுருக்கம் எல்லாம் தயார் செய்ய நாள் பிடிக்கும், ஆகவே தேர்வை இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். விலக்கு கிடைக்காமலும் போகலாம். 2017-ல் கேரள ஆவணப்பட, குறும்பட விழாவில் தற்கொலை செய்துகொண்ட ஹைதராபாத் மாணவர் ரோஹித் வெமுலா, காஷ்மீர், டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழக மாணவர்கள் பற்றிய 3 படங்களுக்கு மறுத்தார்கள். இது எனக்கு ஏற்பில்லாத நடைமுறை. ஆனால் நடத்துகிறவர்கள் அதைத் தெரிந்து வைத்திருந்தால்தான் எந்தப் படத்துக்காக எப்படி நிற்பது என்று முடிவெடுக்க முடியும்.

தேதி: முகூர்த்த நாள், பொதுத்தேர்வு, ஊர்த் திருவிழா மூன்றும் இல்லாத வாரம்.

பணம் தருகிறவருக்கு மேடையைத் தாரை வார்க்காதீர்கள். ஒரு ஆண்டு பொன்னாடையும் வாழ்த்துரையுமாக ஒன்றரை மணி நேரம் ஓடி, தொடக்கப் படத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் ஜன் சன்ஸ்கிருதி மஞ்ச் என்ற பண்பாட்டு அமைப்பு 2006-ல் தொடங்கிய விழா, பெருநிறுவனப் பணம் வேண்டாம் என்று சொல்லி மக்கள் தரும் சின்னச் சின்னத் தொகையிலேயே நடந்தது. நம் பக்கம் 'மறுபக்கம்' அமைப்பு 1998-லிருந்து மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறது. நாங்களும் வாசலில் உண்டியல் வைத்தோம். மண்டப வாடகையில் பாதி அதிலேயே வந்துவிட்டது.

கடைசியாக, விழா முடிந்ததும் ஊமையாகிவிடுவது. படம் தந்தவருக்கு எத்தனை பேர் பார்த்தார்கள், எங்கே சிரித்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ஆற்று மணல் படம் எடுத்த தம்பிக்கு நாங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதினோம், மறு ஆண்டு அதே படத்தை மாலை ஏழு மணிக்குத் திரும்பப் போட்டோம். அவர் மறுபடியும் ராத்திரி பஸ்ஸில் வந்தார். இந்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு.