டிஷ்வாஷரில் தண்ணீர் சூடாகவில்லையா? ஹீட்டரை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கழுவி முடிந்து கதவைத் திறந்தால் தட்டெல்லாம் குளிர்ந்து ஈரமாக இருக்கும், பிசுக்கு போயிருக்காது, டேப்லெட் பாதி கரைந்து எங்காவது ஒட்டிக் கிடக்கும். சில இயந்திரங்களில் மீதி நேரம் ஓரிடத்தில் நின்றுவிடும்; தண்ணீர் சூடாகட்டும் என்று காத்துக்கொண்டே மணிக்கணக்கில் ஓடும். எரர் கோடு காட்டும் மாடல்களும் உண்டு: போஷில் இ09, எல்.ஜி.யில் எச்இ என்றால் சூடேற்றுவதில் கோளாறு, டிஇ என்றால் வெப்ப சென்சார்.

இதைப் பார்த்ததும் ‘ஹீட்டர் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல மாடல்களில் ஹீட்டர் தனியாகக் கிடைக்காது. சுற்றுப் பம்போடு ஒரே பாகமாக வரும், விலையும் அதிகம். அதை மாற்றிய பிறகும் தண்ணீர் குளிர்ந்தே இருந்தால், கோளாறு ஹீட்டரில் இல்லை, அதற்கு மின்சாரம் போகும் வழியில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வழியை முதலில் சோதித்தால் செலவு மிச்சம்.

திறக்காமலே பாதி தெரியும்

முதலில் புரோகிராமைப் பாருங்கள். முன்-அலசலில் சூடே கிடையாது. ஈக்கோ பொதுவாக 50 டிகிரியை ஒட்டியே ஓடும். ஜியோலைட் என்ற ஈரம் உறிஞ்சும் கனிமம் கொண்டு உலர்த்தும் மாடல்களில் கடைசி அலசல் அவ்வளவு சூடாக இருக்காது, அது கோளாறல்ல. அதனால் 65–70 டிகிரி இன்டென்சிவ் புரோகிராமில் சோதியுங்கள்.

பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர் ஒன்று இருந்தால் போதும். 10 ஆம்பியருக்கு மேல் தாங்கும் மீட்டராக இருக்கட்டும். பம்பு மட்டும் ஓடும்போது 50 முதல் 100 வாட் வரை காட்டும். ஹீட்டர் சேர்ந்ததும் 230 வோல்ட் இயந்திரத்தில் 1800 முதல் 2400 வாட்டுக்குத் தாவ வேண்டும். 120 வோல்ட் இயந்திரங்களில் ஹீட்டர் சிறியது, 1000 வாட் அளவுதான். பிரதான கழுவல் தொடங்கி 10 நிமிடத்துக்குள் இந்தத் தாவல் வர வேண்டும்.

தாவலே இல்லையென்றால் ஹீட்டர், வயர், தெர்மல் கட்-அவுட் (சூடு மிஞ்சினால் இணைப்பைத் துண்டிப்பது), பிரஷர் ஸ்விட்ச் (தண்ணீர் அழுத்தத்தைக் கவனிப்பது), போர்டில் உள்ள ரிலே (ஹீட்டருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்), இவற்றில் ஒன்று. வாட் தாவி, ஓரிரு நிமிடத்தில் விழுந்து, தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றால் சென்சாரையோ தண்ணீர் அளவையோ சந்தேகப்படலாம். தாவ வேண்டிய நொடியில் வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டிரிப் ஆனால் ஹீட்டரின் உறை வெடித்து மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது; அந்த நிலையில் இயந்திரத்தை மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள்.

தண்ணீர் ஓட்டம் இல்லையென்றால் சூடும் இல்லை

தண்ணீர் போதுமான அழுத்தத்தில் சுற்றினால்தான் இயந்திரம் ஹீட்டருக்கு மின்சாரம் விடும். வறண்ட ஹீட்டர் எரிந்துபோகும் என்பதற்கான பாதுகாப்பு அது. அடி ஃபில்டரில் சோறும் நாரும் அடைத்திருந்தாலோ, உள்வரும் குழாயின் வலைக்கண்ணி அடைத்துத் தண்ணீர் குறைவாக வந்தாலோ அழுத்தம் எட்டாது. யாராவது கைக்கழுவல் சோப்புத் திரவத்தை ஊற்றியிருந்தால் நுரை பொங்கி, பம்பு காற்றையே இழுக்கும், விளைவு அதேதான். ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, வலைக்கண்ணியைத் துடைத்து, வெறும் தண்ணீரில் ஒரு சுற்று விட்டுப் பாருங்கள். காசு செலவில்லாத இந்த வேலையைத் தாண்டித்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும்.

திறந்து அளப்பது

பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயை மூடி, சில நிமிடம் கழித்துத் திறங்கள். அடித்தகட்டின் விளிம்பு கத்திபோல் இருக்கும், கையுறை அவசியம். வயர்களைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்லும் எல்லா அளவையும் மின்சாரம் இல்லாமல்தான் எடுக்க வேண்டும்.

ஹீட்டர் முனைகளில் கை வைப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். வயர் செருகியிருக்கும் ஸ்பேட் முனையின் (தட்டையான உலோக இணைப்பு) வெள்ளை உறை பழுப்பேறி, தொட்டால் பொடிந்து உதிர்கிறதா? முனையை இழுத்தால் பிடிப்பே இல்லாமல் வந்துவிடுகிறதா? தளர்ந்த முனை வழியாக 9 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே சூடாகி, உலோகத்தின் ஸ்பிரிங் தன்மை போய், இன்னும் தளரும். புது ஹீட்டர் போட்டுவிட்டு இந்தப் பழைய முனையையே செருகினால் சில மாதத்தில் அதே கோளாறு திரும்பும். கருகிய வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, வெப்பம் தாங்கும் 6.3 மில்லிமீட்டர் முனையைக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது அதற்கான கருவியால் நசுக்கி இறுக்குங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்த முனை இங்கே நிற்காது.

இனி மல்டிமீட்டர். ஹீட்டரின் ஒரு முனை வயரையாவது கழற்றிவிட்டு ஓம் அளவிடுங்கள். இருக்க வேண்டிய அளவைக் கணக்கிட, வோல்டின் வர்க்கத்தை வாட்டால் வகுக்கலாம்: 230 வோல்ட், 2000 வாட் என்றால் 26 ஓம்; 1800 வாட்டுக்கு 29; 2400 வாட்டுக்கு 22. ஓரிரு ஓம் ஏறி இறங்கினால் பரவாயில்லை. முடிவிலி காட்டினால் ஹீட்டர் உள்ளே அறுந்துவிட்டது. சில மாடல்களில் தெர்மல் கட்-அவுட் ஹீட்டரோடு தொடர் இணைப்பில் இருக்கும். அது தனியாக அறுந்திருக்கலாம், ஆகவே அதை விட்டுவிட்டு ஹீட்டரை மட்டும் ஒருமுறை அளந்துவிடுங்கள். அது அறுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் இல்லாத வறண்ட ஓட்டமோ ஹீட்டரில் சேர்ந்த சுண்ணாம்புப் படிவோதான். அதைத் தேடாமல் புது கட்-அவுட் போட்டால் அதுவும் போகும்.

இரு முனைகளையும் விடுவித்து, ஒவ்வொன்றுக்கும் உலோக உடலுக்கும் இடையில் அளந்தால் முடிவிலி காட்ட வேண்டும். ஆனால் மல்டிமீட்டரின் சொற்ப வோல்டேஜில் நல்லதாகத் தெரியும் ஹீட்டர், வேலை செய்யும் வோல்டேஜில் கசியலாம். டிரிப் ஆகும் இயந்திரமென்றால் 500 வோல்ட் மெகரில் (உயர் வோல்டேஜில் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) அளந்தால்தான் நம்பலாம். 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் மாற்றியே ஆக வேண்டும்.

சென்சார் என்பது சூடு ஏற ஏறத் தடை குறையும் என்.டி.சி. தெர்மிஸ்டர். பரவலாக வரும் வகை 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 60 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம்; உங்கள் மாடலுக்கு வேறாக இருக்கலாம். கழற்றி ஒரு டம்ளர் வெந்நீரில் நுனியை வைத்தால் எண் நிதானமாக இறங்க வேண்டும். திடீரெனக் குதித்தாலோ அசையாமல் நின்றாலோ மாற்றுங்கள். ஷார்ட் ஆன சென்சார் ‘தண்ணீர் கொதிக்கிறது’ என்று போர்டுக்குப் பொய் சொல்லும். அப்போது ஹீட்டருக்கு மின்சாரமே போகாது.

இவை எல்லாம் நன்றாக இருந்தால் மிஞ்சுவது போர்டு. ஹீட்டர் ரிலேயின் கால்கள் பற்றவைத்த இடத்தில் வளையமாக விரிசல், சுற்றிலும் பழுப்புக்கறை தெரிகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் பல போர்டுகள் உயிர்பெறும். உள்ளே கான்டாக்ட் கருகிய ரிலேயை மாற்றியே தீர வேண்டும்: காயில் வோல்டேஜ், கால்களின் அமைப்பு, கான்டாக்ட் ஆம்பியர் மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். காயில் பெரும்பாலும் 12 வோல்ட், கான்டாக்ட் 16 ஆம்பியர். கான்டாக்ட் ஒட்டிக்கொண்ட ரிலே நேர்மாறாக ஹீட்டரை அணையவே விடாது. அப்படிப்பட்ட இயந்திரத்தை உடனே பிளக்கிலிருந்து எடுங்கள்.

மாற்றி முடித்ததும் மறுபடி வாட் மீட்டரைப் போட்டு இன்டென்சிவ் புரோகிராமில் ஓடவிடுங்கள். 2000 வாட்டில் 4 லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 60 டிகிரிக்கு வர வெறும் கணக்கில் 5 நிமிடம்தான். பாத்திரமும் எஃகுத் தொட்டியும் சூட்டை இழுப்பதால் 10 முதல் 20 நிமிடம் ஆகும். அடித்தகட்டில் ஒரு காகிதத் துண்டை விரித்து வைத்தால் கழற்றிய ரப்பர் வளையங்களில் கசிவு இருக்கிறதா என்பதும் அதே ஓட்டத்தில் தெரிந்துவிடும். பழைய ஹீட்டரில் வெள்ளைப் படிவு இருந்திருந்தால், அடுத்த ஓட்டம் பாத்திரமோ டேப்லெட்டோ இல்லாமல் 100–150 கிராம் சிட்ரிக் அமிலத்தோடு இருக்கட்டும். உப்புத் தொட்டியை நிரப்பி, தண்ணீரின் கடினத்தன்மைக்கான செட்டிங்கையும் சரிபாருங்கள்.